கணவாய்களும் நம் சரக்கும்



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாகக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "சேலத்திலிருந்து பாலக்காடும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே தூரம்தானுங்களே, இரண்டும் 200 கிலோமீட்டர் சொச்சம். பாலக்காட்டு லோடுக்கு லாரிக்காரர் ஒரு வாடகை பேசுகிறார், பெங்களூர் லோடுக்கு வேறு பேசுகிறார். இது என்ன கணக்கு?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ரிட்டர்ன் லோடு கிடைப்பதைப் பொறுத்தது தம்பி" என்று சொல்லி முடித்துவிட்டார். அது சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதி பாறையில் இருக்கிறது. அதை எழுதும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

நாங்கள் பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்திவிட்டுச் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் உட்கார்ந்தவர்கள். கல்லைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். மாதச் சாமான் வாங்க வரும் ஜியாலஜி ஆசிரியர் ஒருவர் பல வருடமாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டது அது. பாதையைப் பற்றித் தெரிந்தது, சரக்கு வரவழைத்தே தெரிந்துகொண்டது.

முதலில் நம் மாவட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் ஒரே சேலம் ஜில்லாவாக இருந்த காலத்தில், வெள்ளைக்காரர் கணக்கில் அதற்கு மூன்று பாகம் உண்டு. தாலாகாட், பாராமகால், பாலாகாட் என்று பெயர். தாலாகாட் என்றால் கணவாய்க்குக் கீழே உள்ள நாடு, அதாவது சேலம் பக்கம். பாலாகாட் என்றால் கணவாய்க்கு மேலே உள்ள நாடு, ஓசூர் பக்கம். நடுவில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாராமகால். 1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தபோது கம்பெனியாருக்கு வந்தது கீழ் இரண்டு பாகம். மேல் பாகமான ஓசூர் 1799க்குப் பிறகுதான் வந்தது. வரி வசூலுக்குப் பிரித்த பிரிவு என்று நினைக்கலாம். உண்மையில் பூமியே மூன்று தட்டாக இருப்பதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உயரத்தைப் பார்த்தால் விளங்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். தர்மபுரி சுமார் 460. ஓசூர் ஏறத்தாழ 880. பெங்களூர் 900க்கு மேல். ஆக, பெங்களூரிலிருந்து வரும் லாரி சமதளத்தில் வரவில்லை, மாடியிலிருந்து படி இறங்கி வருகிறது. கிருஷ்ணகிரிக்கு முன்பு ஒரு படி. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் என்கிற அடுத்த படி. இரண்டாவதுதான் சின்னதாகத் தெரியும். ஆளை விழுங்குவதும் அதுதான்.

இந்தப் படி ஏன் அங்கே இருக்கிறது? ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறு பக்கம் மேட்டூர் பக்கத்து மலைகள். இவை சார்னோகைட் என்கிற பாறையால் ஆனவை. பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரத்தை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். 1893ல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்தில் உடைப்பதும் ஏற்காட்டில் நிற்பதும் நீலகிரியாக எழுந்திருப்பதும் இந்த இனமே. நம் சேலத்துப் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டு என்கிறார்கள். நம் கணக்குப் புத்தகத்தில் அடங்காத தொகை! மிகக் கெட்டியான கல், வெயிலுக்கும் மழைக்கும் சீக்கிரம் கரையாது. அதைச் சுற்றியுள்ள வேறு பாறைகள் தேய்ந்து தாழ்ந்தபோதும் இது மலையாகவே நின்றது. இரண்டு கெட்டிக் கல்லுக்கு நடுவில் கிடைத்த இடுக்குதான் தொப்பூர்.

ரயில்காரர்கள் இந்த இடுக்கை முதலில் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சென்னையிலிருந்து சேலத்துக்கு 1860களின் தொடக்கத்தில் வந்த ரயில், மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர் என்று சேர்வராயனுக்கு மேற்கே சுற்றிக்கொண்டு மேக்னசைட் வழியாக ஊருக்குள் நுழைந்தது. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. மாட்டுக்கும் லாரிக்கும்தான் நம்மவர்கள் எந்த ஏற்றத்தையும் கொடுப்பார்கள். (மேக்னசைட் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான வெள்ளைக் கல்லைக் கருப்பூர்ப் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் சுண்ணாம்பு என்று எண்ணிச் சுண்ணாம்புக் குன்று என்றே அந்த மலைக்குப் பெயர் வைத்தான். அது வெள்ளைக்கல், சுண்ணாம்பு அல்ல.)

இப்போது மற்ற வாசலுக்கு வருவோம். சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, அவிநாசி, கோவை என்று மேற்கே போனால், தெற்கு வடக்காகச் சுவர் போல நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஓர் இடத்தில் பெரிய திறப்பு இருக்கிறது. வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடி. நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. தரை 300 மீட்டருக்கும் கீழே. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். பூமியின் மிகப் பழைய உடைவு ஒன்று அந்த வழியாகக் கிழக்கே காவிரி வரைக்கும் வருகிறதாம். அது உருவாகி 50 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. உடைவின் வழியில் பாறை நசுங்கிப் பலவீனமாகி, மழையும் ஆறும் அரித்து அரித்து வாசல் அகன்றது என்று ஆசிரியர் விளக்கினார். மேற்கே பாரதப்புழையும் கிழக்கே நொய்யலும் ஓடுவது இந்தத் தாழ்வில்தான். ஆனி, ஆடியில் கோவை, உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கும் காற்று இந்த வாசல் வழியாக வருவதே. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, நமக்கு மேற்கே இருப்பது வாசல், வடக்கே இருப்பது படிக்கட்டு. வாசல் வழியாக வரும் லாரி டாப் கியரில் வருகிறது. அதிலும் ஒரு தடங்கல் உண்டு. பாலக்காட்டைத் தாண்டித் திருச்சூர் போகும் வழியில் குதிரான் மலை. அந்த ஏற்றத்தில் எங்கள் மிளகு லோடு ராத்திரி முழுவதும் நின்ற நாட்கள் உண்டு. 2021 ஜூலையில் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது.

இந்த வாசலைக் கண்டுபிடித்தவர்கள் நாம் அல்ல. 2,000 ஆண்டுக்கு முன்பே மேற்குக் கடற்கரையில் முசிறி என்ற துறைமுகத்துக்கு ரோமாபுரிக் கப்பல் வந்தது. கடலிலிருந்து நம் பக்கம் வர இருந்த நல்ல வழி இந்தக் கணவாய். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊரைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் தோண்டியபோது, இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த பட்டறைகளும் கிடைத்தன. மணி செய்யும் பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் பூமிக்குள் கிடைத்தது. கரூர், கோவைப் பகுதிகளில் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய நாணயங்கள் குவியல் குவியலாக வந்திருப்பதும் இதனால்தான். கல் கிடைத்த இடம், ஆற்றுக் கரை, மலையில் திறப்பு. மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தன, வியாபாரம் அந்தக் கோட்டில் நடந்தது.

முசிறியைப் பற்றி நம் தொழிலாருக்குப் பிடித்தமான செய்தி ஒன்று உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் தாள் ஒன்று வியன்னா நகரில் இருக்கிறது. அது ஒரு கடன் பத்திரம். முசிறிச் சரக்கை அடமானமாக வைத்து வாங்கிய கடன். கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், காவலோடு பாலைவனம் தாண்டி நைல் நதிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும், கிடங்கில் முத்திரை வைக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருக்கிறது. கால் பங்கு சுங்கம் கட்ட வேண்டியதும் அதில் உண்டு. நம் லாரி ரசீதும் பாங்குக் கடனும் அப்படியே இருக்கிறது பாருங்கள். அன்றைக்கும் ஒரு வணிகருக்குக் கவலை வழியைப் பற்றித்தான்.

பிற்காலத்தில் சோழர் அந்தக் கணவாய் வழிக்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயர் வைத்தார்கள். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் அதன் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆள் ஓர் எழுத்தைப் படிப்பான், மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் இன்னொன்றைப் படிப்பான்.

வடக்குப் படிக்கட்டுக்கும் ஒரு பெருவழி இருந்தது. அதியமான் பெருவழி என்று பெயர். தர்மபுரி வட்டாரத்தில் அதன் மைல்கல் கிடைத்திருக்கிறது. சுமார் 13ஆம் நூற்றாண்டு. நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுதி, எண்ணாலும் குறித்து, அதோடு விடாமல் 2 பெரிய குழியும் 9 சிறிய குழியும் கல்லில் தோண்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. படிக்கத் தெரியாத பொதிமாட்டுக்காரனும் விரலை வைத்துத் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டிலும் தெரிந்துகொள்ளலாம். தாவளம் என்ற சொல்லுக்கு வணிகர் தங்கிச் சரக்கு மாற்றும் இடம் என்று பொருள். அந்தக் கல்லை வைத்தவர் சரக்கோடு வருகிறவனை மனதில் வைத்து வைத்திருக்கிறார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. இன்று நெடுஞ்சாலைப் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று மொழியில் இருக்கிறது. அந்த வழியாக இறங்கும் வடநாட்டு ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று புரிகிறதா என்பது வேறு கேள்வி.

பொதிமாடு என்றோம். எங்கள் பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டியில் தர்மபுரிப் புளி சேலத்துக்கு வந்தது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளிவிடாமல் இருக்க, ஒரு கனமான மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இறங்குவார்களாம். அதோடு பாதி மூட்டையைக் கணவாய்க்கு மேலேயே இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாகக் கொண்டுவருவார்களாம். இரண்டு நடை என்றால் ஒரு நாள் கூடுதல், தீனிச் செலவு கூடுதல். அப்படியிருந்தும் செய்தார்கள்.

நாங்கள் செய்யவில்லை. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

1991ஆம் ஆண்டு. குல்பர்காவிலிருந்து துவரம் பருப்பு வரவழைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் கரிசல் பூமி, துவரைக்குப் பேர் போனது. அன்றைய லாரிக்கு 9 டன் பெர்மிட், அதாவது 100 கிலோ மூட்டை 90. ஒரு நடைக்கு ரூ. 5,400 என்று வாடகை பேசியிருந்தோம். மூட்டைக்கு 60 ரூபாய் விழுந்தது. அதே லாரியில் 120 மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு 45 ரூபாய். மூட்டைக்கு 15 ரூபாய் மிச்சம், கிலோவுக்கு 15 காசு. கடைக்காரர்கள் 10 காசு வித்தியாசத்துக்கு அடுத்த கடைக்குப் போகிற காலம் அது. எல்லோரும் ஏற்றினார்கள், நாங்களும் ஏற்றச் சொன்னோம். தை நோன்பிக்கு முன்னால் சரக்கு வர வேண்டும், விடிவதற்குள் கடை வாசலில் லாரி நிற்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னதும் நாங்கள்தான்.

அதிகாலை 4 மணிக்குத் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே வருகிற வண்டியில் மோதாமல், அந்த ஓட்டுநர் லாரியை இடது பக்கத்துப் பாறையில் உரசி உரசி நிறுத்தப் பார்த்திருக்கிறார். வண்டி கவிழ்ந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் அங்கேயே போய்விட்டான். வயது 19. ஓட்டுநருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாறை மேலெல்லாம் பருப்பு. எங்கள் அப்பா அதைக் கூட்டி அள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்த ஓட்டுநர் எங்களைப் பார்த்து முதலில் சொன்னது, "நியூட்ரல் போடலைங்க முதலாளி. ரெண்டாவது கியர்லதான் இறக்கினேன். சுமை தள்ளிருச்சுங்க" என்பதுதான். தன் மேல் பழி வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். பழி யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். பையனின் தாயாருக்கு எங்களால் ஆனதைச் செய்தோம். அதை இங்கே எழுதுவது முறையல்ல.

என்ன நடந்தது என்பதைப் பிறகு மெக்கானிக் ஒருவர் விளக்கினார், அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் சுமை இஞ்சினை இழுக்கிறது, வண்டி திணறும், நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் அதே சுமை வண்டியை முன்னே தள்ளுகிறது. சின்ன கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போட்டால் முழு எடையும் பிரேக்கின் தலையில். கிலோமீட்டர் கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கக் காய்கிறது, லைனர் வழுக்குகிறது, பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கூடுதல் 3 டன் ஏற்றியிருந்தால் கியரில் இறங்கினாலும் போதாது. பாலக்காட்டு வழியில் இதே 120 மூட்டை பல முறை பத்திரமாக வந்திருக்கிறது. அதுதான் எங்களை ஏமாற்றியது. சமதளத்தில் செல்லுபடியான தவற்றைப் படிக்கட்டு மன்னிக்கவில்லை.

சாலை இன்று நான்கு வழியாக அகன்றிருக்கிறது. பழைய 7ஆம் எண் 44 ஆகிவிட்டது. ஆனால் பாறை இடம் மாறவில்லை, சரிவும் மாறவில்லை. 2024 ஜனவரி 24 அன்று தொப்பூர்ப் பாலத்தின் மேல் லாரிகளும் கார்களும் மோதி 4 பேர் மாண்டதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சாலை நன்றாக இருப்பதால் வேகமும் கூடிவிட்டது. சமதளமான நல்ல ரோட்டில் பல நூறு கிலோமீட்டர் வந்தவருக்கு இறக்கம் தொடங்கியதே தெரிவதில்லை.

சட்டமும் கடுமையாகியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தத்தின்படி கூடுதல் பாரத்துக்கு ரூ. 20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு ரூ. 2,000. இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒரு வார்த்தை இருக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு. 2018ல் ஆக்சில் எடை வரம்பை அரசு உயர்த்திவிட்டது, ஆகவே முன்பு போலச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து சோதனைச்சாவடிகள் போன பிறகு, வழியில் நிறுத்தி எடை பார்க்கும் இடமும் குறைந்துவிட்டது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனைப் புகழ்ந்த பரம்பரை நாம், சாவடி போனதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஓட்டுநருக்கு அது ஒரு நிறுத்தமாகவும் ஓய்வாகவும் இருந்தது என்பதும் உண்மை.

நாங்கள் கடைப்பிடித்து வருவது இவ்வளவுதான். வடக்கே இருந்து வரும் லோடுக்கு லாரி ரசீதோடு எடைமேடைச் சீட்டும் வேண்டும் என்று கேட்கிறோம். சீட்டு இல்லாமல் வந்தால் அடுத்த முறை அந்த லாரி செட்டுக்கு லோடு கொடுப்பதில்லை. சரக்கு எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கிறோம், இத்தனை மணிக்குள் வா என்று சொல்வதில்லை. தர்மபுரி தாண்டி, இறக்கம் தொடங்கும் முன்பு பாளையம் சுங்கச்சாவடிப் பக்கம் ஒரு டீ சாப்பிட்டு டிரம் ஆறிய பிறகு இறங்கும்படி ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்கிறோம், டீச் செலவு எங்களுடையது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று இந்தி தெரிந்த கணக்கப்பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்கிறோம். இதனால் எங்கள் பருப்பு விலை கிலோவுக்குச் சில காசு கூடுதலாக இருந்து, நல்ல வாடிக்கைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் எங்களை விட்டுப் போனதும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். பெங்களூர் வழிக்கு லாரிக்காரர் கூடுதலாகக் கேட்பது பிரேக் லைனருக்கும் டயருக்கும் டீசலுக்கும் மட்டும் அல்ல. அந்த வாடகையை அடித்துப் பேசிக் குறைத்தால், அவர் அதை மூட்டையில் ஏற்றியோ தூக்கத்தில் குறைத்தோதான் சரிக்கட்டுவார். வேறு எங்கே போவார்?

கால் இழந்த ஓட்டுநர் அதன் பிறகு லாரி ஏறவில்லை. எங்கள் கிடங்கிலேயே மூட்டைக் கணக்கு எழுத உட்கார்ந்தார், 2012 வரைக்கும் இருந்தார். வெளியூர் லோடு ஏற்றும்போது பெர்மிட்டுக்கு மேல் ஒரு மூட்டை தூக்கப் போனாலும் வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். பென்சிலை மூடி மேசை மேல் வைத்துவிடுவார். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே இறக்கிவிடுவார்கள்.